உடல் நெகிழ உள்ளம் தெளியும்

சினம் கொண்டவனைப் பற்றிப் பேசும்போது, ‘பல்லைக் கடித்தான், முகம் சிவந்தான், கையை ஓங்கினான்’ என்கிறோம். அஞ்சியவனைப் பற்றிக் கூறும்போது, ‘நெஞ்சு படபடத்தது, நா உலர்ந்தது, கை கால் நடுங்கின’ என்கிறோம். துயருற்றவன் ‘இடிந்து போனான்’. நாணியவன் ‘கூனிக் குறுகினான்’. உள்ளத்தில் எழுந்த உணர்ச்சியைச் சொல்ல வந்த நம் மொழி, உடலின் நிலையையே எடுத்துரைப்பதை நோக்குங்கள். உணர்ச்சி உள்ளத்தில் மட்டும் தங்குவதன்று. உடல் முழுவதும் பரவி நிற்பது. இவ்வுண்மை நம் அன்றாடப் பேச்சிலேயே பொதிந்து கிடக்கிறது.

அறிவியலும் இதனை விளக்குகிறது. அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக விளங்கிய வால்டர் கேனன் என்பவர், அச்சமும் சினமும் உடலில் விளைக்கும் மாறுதல்களை ஆராய்ந்து, 1915ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். இடர் நேரும்போது ஓர் உயிர் எதிர்த்துப் போரிட வேண்டும். அன்றேல் தப்பி ஓட வேண்டும். இவ்விரண்டிற்கும் உடலை ஆயத்தம் செய்ய, சிறுநீரகங்களின்மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் ஒருவகை நீரைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு மிகுகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மந்தப்படுகிறது. காட்டில் யானையை எதிர்ப்பட்டவனுக்கு இந்த ஏற்பாடு உயிர் காக்கும் துணையாகும். ஆனால், வினாத்தாளைக் கண்டு அஞ்சும் மாணவிக்கும், தோழன் எழுதுகோலைப் பறித்துக்கொண்டதால் சினந்த சிறுவனுக்கும் உடல் இதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது. அங்கே போரிடத் தக்க பகைவனும் இல்லை. ஓடத் தக்க வழியும் இல்லை. இறுகிய தோள் இறுகியபடியே இருக்கிறது. மூடிய கை மூடியபடியே இருக்கிறது.

திருக்குறளின் 31ஆம் அதிகாரம் ‘வெகுளாமை’ என்பது. அதன் பத்துக் குறட்பாக்களையும் காலையில் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவன், மாலையில் சடுகுடு ஆடுகளத்தில் தோழனை அடித்துவிடுகிறான். அவன் கற்ற அறம் பொய்யோ? அன்று. சினம் பொங்கி எழுந்த அந்த நொடியில் கற்றது நினைவுக்கு வருவதில்லை. எண்ணிப் பார்த்து அடங்கச் செய்யும் ஆற்றல், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியைப் பெரிதும் சார்ந்தது. அப்பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி பெறுகிறது. ஆதலால், குழந்தையை நோக்கிச் ‘சினவாதே, அழாதே, அஞ்சாதே’ என்று கட்டளையிடுவதால் மட்டும் பயன் விளைவதில்லை.

கொங்கு நாட்டு உழவர் இதனை நன்கு அறிவர். காங்கயம் காளை வலிமை மிக்கது. மிரண்டால் வண்டியையே கவிழ்த்துவிடும். மிரண்ட காளையைச் சாட்டையால் அடிப்பவன் அதன் மிரட்சியை மிகுவிக்கிறான். அறிந்தவனோ, இழுத்துப் பிடித்த கயிற்றைச் சற்றே தளர்த்துகிறான். கழுத்தைத் தடவிக் கொடுக்கிறான். மெல்லிய குரலில் பேசுகிறான். உடல் அடங்கிய பின்னரே அக்காளை அவன் சொல்லுக்குச் செவி சாய்க்கிறது. குழந்தையின் நிலையும் ஏறத்தாழ அத்தகையதே. முதலில் உடல் தணிய வேண்டும். பின்னரே அறிவுரை உள்ளே செல்லும்.

உடலைத் தணிப்பது எவ்வாறு? இதயத்தை நோக்கி, ‘மெல்லத் துடி’ என்று நாம் ஆணையிட இயலாது. சுரப்பிகளும் நம் ஏவலைக் கேட்பன அல்ல. ஆனால் கையும் தோளும் கழுத்தும் நம் ஏவலுக்கு அடங்குவன. மூச்சும் ஓரளவு அடங்கும். மூச்சை மெல்ல நீளமாக வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்றே குறைகிறது என்பது உடலியல் கண்ட உண்மை. எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க மருத்துவர், தசைகளை வேண்டுமென்றே இறுக்கிப் பின் தளர்த்தும் பயிற்சியை வகுத்து, 1929ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தசை தளர்ந்தால் உள்ளத்தின் பதற்றமும் தளரும் என்பது அவர் கொள்கை. நேரே சென்று அடைய முடியாத உள்ளத்தை உடலின் வழியே சென்று அடையலாம். உறுப்புகளை நீட்டி நெகிழ்த்தும் பயிற்சியின் பயன் இதுவே.

இப்பயிற்சி இயற்கைக்குப் புதிதன்று. உறங்கி எழுந்த பூனை முன்கால்களை நீட்டி முதுகை வளைக்கிறது. நெடுநேரம் அமர்ந்து எழுதியவன் தன்னை அறியாமலே கைகளை உயர்த்தி உடலை நெளிக்கிறான். இதனை நாம் ‘சோம்பல் முறித்தல்’ என்கிறோம். தானே நிகழும் இச்செயலை முறைப்படுத்தி, மூச்சோடு இணைத்துப் பழகுவதே நெகிழ்வுப் பயிற்சியாகும். நம் நாட்டு யோக நூல்கள் இதனை விரிவாகக் கூறுகின்றன. பதஞ்சலி முனிவர் வகுத்த எட்டு உறுப்புகளுள் மூன்றாவது ஆசனம். நான்காவது மூச்சுப் பயிற்சி. உள்ளத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சிகள் அவற்றிற்குப் பின்னரே வருகின்றன. இவ்வரிசை நம் சிந்தனைக்கு உரியது.

கொங்கு நாட்டில் இக்கலையைத் தம் வாழ்நாள் முழுவதும் போற்றிய மூதாட்டி ஒருவர் வாழ்ந்தார். அவர் பெயர் நானம்மாள். 1920ஆம் ஆண்டில், பொள்ளாச்சிக்கு அருகில் உள்ள ஜமீன் காளியாபுரத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். எட்டு வயதிலேயே தம் குடும்பத்துப் பெரியோரிடம் யோகப் பயிற்சி கற்றார். பின்னர்க் கோவை கணபதியில் வாழ்ந்து, சிறுவர் முதல் முதியோர் வரை பலருக்கும் அதனைப் பயிற்றுவித்தார். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும், சேலை உடுத்தியவாறே குனிந்து நிமிர்ந்து ஆசனங்களைச் செய்து காட்டுவார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர் வழியில் பயிற்றுநர் ஆயினர். இந்திய அரசு 2018ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. 2019ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், தம் 99ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். எட்டு வயதில் பழகிய பழக்கம் தொண்ணூறு ஆண்டுகள் துணை நின்றது. ஆகவே, இளமையில் பழகுதலே இப்பயிற்சிக்கு ஏற்றது என்பது புலனாகும்.

பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் அறிவுத்திருக்கோயில் அமைத்த வேதாத்திரி மகரிஷி (1911–2006), கை, கால், கண், மூச்சு முதலியவற்றிற்கு உரிய ‘எளியமுறை உடற்பயிற்சி’யை வகுத்தார். அதனோடு ‘சினம் தவிர்த்தல்’ என்னும் தற்சோதனையையும் சேர்த்தே கற்பித்தார். எதனால் சினம் எழுகிறது, யார்மீது எழுகிறது என்று அமைதியான வேளையில் எண்ணிப் பார்க்கச் செய்வது அது. உடற்பயிற்சியும் உள்ளப் பயிற்சியும் ஒன்றற்கொன்று துணையாதல் வேண்டும் என்பதை இதனால் உணர்கிறோம்.

மாணவர்களே, வகுப்பறையிலும் வீட்டிலும் செய்யத்தக்க சில எளிய பயிற்சிகளை இங்கே காண்போம். முதலில் கால்களைச் சற்றே அகற்றி நேராக நில்லுங்கள். விரல்களைக் கோத்து, உள்ளங்கைகள் மேல்நோக்குமாறு கைகளைத் தலைக்குமேல் உயர்த்துங்கள். மூச்சை உள்ளிழுத்து, உடல் நீள்வதை உணருங்கள். மூச்சை வெளிவிட்டுக் கைகளை மெல்ல இறக்குங்கள். இரண்டாவதாக, தோள்களைக் காதுவரை உயர்த்தி, 5 எண்ணும்வரை இறுக்கிப் பிடியுங்கள். பின் ஒரேயடியாகத் தளரவிடுங்கள். மூன்றாவதாக, கைகளை இறுக மூடுங்கள்; பின் ஒவ்வொரு விரலாக விரித்து நீட்டுங்கள். நான்காவதாக, மண்டியிட்டுக் குதிகால்கள்மேல் அமர்ந்து முன்னே குனியுங்கள். நெற்றி தரையைத் தொட, கைகளை முன்னே நீட்டி, 20 எண்ணும்வரை அமைதியாக மூச்சுவிடுங்கள். இவை அனைத்திற்கும் ஐந்து நிமிடம் போதும்.

இவற்றைச் செய்யும்போது மனத்தில் கொள்ள வேண்டியன சில உண்டு. உணவு உண்டவுடன் செய்தல் ஆகாது. வலி தோன்றும்வரை உடலை வருத்துதல் ஆகாது. துள்ளியும் வெடுக்கென இழுத்தும் செய்தல் தீங்கு. தோழனைவிட மிகுதியாகக் குனிய வேண்டும் என்று போட்டியிடுதல் இப்பயிற்சியின் நோக்கத்தையே கெடுத்துவிடும். எலும்பிலோ மூட்டிலோ குறை உடையோர் மருத்துவரைக் கேட்டே செய்தல் வேண்டும். இன்னொன்றும் இன்றியமையாதது: சினம் வந்த பின்னர்க் கற்கத் தொடங்குதல், வீடு தீப்பற்றிய பின் கிணறு வெட்டுதலை ஒக்கும். நாள்தோறும் அமைதியான வேளையில் பழகியவனுக்கே, தேவையான வேளையில் அப்பயிற்சி கைகொடுக்கும். ஆசிரியரும் பெற்றோரும் இதனைத் தண்டனையாக ஏவாமல், தாமும் உடன் நின்று செய்தல் நன்று.

உணர்ச்சியை அடக்கி ஒழிப்பது இப்பயிற்சியின் நோக்கம் அன்று. சினமும் அச்சமும் துயரும் மனித இயல்பு. அவை சில வேளைகளில் நமக்கு உண்மையைச் சொல்லும் தூதர்கள். ஆடுகளத்தில் எளியவன் ஒருவனை வலியவன் இழிவாகப் பேசுகிறான் எனக் கொள்வோம். அதனைக் கண்டு சினம் எழுவது தவறன்று. அச்சினத்தால் கல்லை எடுத்து எறிவதே தவறு. மூன்று முறை மூச்சை நீளமாக வெளிவிட்டு, இறுகிய கையை விரித்தவன், கல்லைக் கீழே போடுகிறான். ஆனால் தன் கேள்வியைக் கீழே போடுவதில்லை. ‘நீ செய்தது முறையன்று’ என்று நேர்நின்று கூறும் துணிவும், ஆசிரியரிடம் சென்று உண்மையைத் தெளிவாக உரைக்கும் ஆற்றலும் அவனுக்கே உண்டாகும். அவ்வாறே, வீட்டில் அடிபடும் குழந்தைக்கும், பசியோடு பள்ளிக்கு வரும் குழந்தைக்கும், பிறர் தீண்டலால் அஞ்சி நடுங்கும் குழந்தைக்கும் உடற்பயிற்சி மட்டும் தீர்வாகாது. அவர்கள் தம் துயரை நம்பத்தக்க பெரியவரிடம் கூற வேண்டும். கேட்ட பெரியவர் அதன் காரணத்தைக் களைய வேண்டும். நீங்காத துயருக்கு மருத்துவரின் துணையை நாடுதல் இழிவும் அன்று.

உணர்ச்சிக்கும் செயலுக்கும் இடையே உள்ள நேரம் மிகச் சிறியது. அச்சிறு நேரத்தில் எழுந்த கை ஒரு நட்பை முறிக்கக்கூடும். தவறிய சொல் பல ஆண்டுகள் நெஞ்சைச் சுடக்கூடும். அந்நேரத்தைச் சற்றே நீட்டித் தருவது நீட்டிய கையும் நீண்ட மூச்சும் ஆகும். அதற்குப் பொருட்செலவு இல்லை, கருவி வேண்டியதில்லை, செல்வர் பிள்ளைக்கும் ஏழை பிள்ளைக்கும் அது பொது. நாள்தோறும் ஐந்து நிமிடம் அதனைப் பழகி, உடல் நெகிழவும் உள்ளம் தெளியவும் வாழ்வோமாக.