விரல் வழிக் கல்வி

சூளகிரிச் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் எனும் மும்மொழிகளும் ஒலிக்கக் கேட்கலாம். ஆயின், பிறவியிலேயே செவிப்புலன் அற்ற குழந்தையை அவற்றுள் ஒன்றும் எட்டுவதில்லை. கேளாத சொல்லைக் குழந்தை எவ்வாறு பேசும்? நாவில் குறையில்லாதிருந்தும் அதனை ‘ஊமை’ என உலகம் ஒதுக்கிவிடுகின்றது.

இத்தகைய சிறார்க்கென 1897ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி தோன்றியது. அதனை நிறுவியவர் பிளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையார். கிறித்தவ சமயத்தொண்டு ஆற்ற வந்த அவர், இக்கல்வித் தொண்டினையும் மேற்கொண்டார். அப்பள்ளி இன்று மேல்நிலைப் பள்ளியாக அவர் பெயரைத் தாங்கி விளங்குகின்றது.

செவி கேளாதோர்க்குக் கண்ணே செவியாகும். விரலசைவையும் உதட்டசைவையும் எழுத்தையும் அவர்கள் கண்டு கற்பர். கண்ணும் காணாதார்க்கு யாது வழி? அமெரிக்க நாட்டு எலன் கெல்லர், 19 திங்கள் குழந்தையாக இருந்தபோதே பார்வையையும் கேள்வியையும் இழந்தார். 1887ஆம் ஆண்டில் ஆசிரியை ஆன் சலிவன், அச்சிறுமியின் ஒரு கையில் நீரைப் பாயவிட்டு, மறு கையில் நீரின் பெயரை விரலெழுத்துகளால் உணர்த்தினார். பொருள்களுக்குப் பெயருண்டு என்பதை அக்கணமே அவர் அறிந்தார். 1904இல் பட்டமும் பெற்றார்.

மாணவர்களே! இளமையிலேயே மொழி வாய்த்தல் வேண்டும். காலம் தாழ்ந்தால் கற்றல் அரிதாகும். உங்கள் ஊரில் இத்தகைய குழந்தை இருப்பின், அது பள்ளி சேரத் துணை செய்யுங்கள்.