பையன் பைக்கில் சைலன்சர் மாற்றுகிறானா? அம்மாக்களே, கொஞ்சம் கவனியுங்கள்!



இந்த மாதப் பாடம் பைக்கைப் பற்றியது. "அது பசங்க சமாச்சாரம், நமக்கு என்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்றைக்குப் பல வீடுகளில் வண்டிக்கு முன்பணம் கட்டியது குழுக் கடன். மாதத் தவணை போவது அம்மாவின் சம்பாத்தியத்தில். ஆர்.சி.யில் இருப்பதும் பல நேரம் அம்மாவின் பெயர்தான். அப்படி இருக்கும்போது மகன் வந்து, "அம்மா, சைலன்சர் மாத்தணும், மூவாயிரம் வேணும்" என்று கேட்டால், விஷயம் தெரிந்து பதில் சொல்ல வேண்டாமா?

சைலன்சருக்குள் என்ன இருக்கிறது?

சைலன்சர் என்றால் சத்தத்தைக் குறைக்கும் குழாய் என்று மட்டும்தான் நினைக்கிறோம். இப்போது வரும் வண்டிகளில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. புகை போகும் பாதையில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற சிறு உருளை இருக்கும். சில வண்டிகளில் அது இன்ஜினிலிருந்து வரும் வளைந்த குழாயில் இருக்கும். சிலவற்றில் சைலன்சரின் வயிற்றுக்குள் இருக்கும். மெக்கானிக்குகள் சுருக்கமாக 'கேட்டலிஸ்ட்' என்பார்கள்.

அதன் உள்ளே பார்த்தால் தேன்கூடு மாதிரி நூற்றுக்கணக்கான சிறு துளைகள். அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்களை மெல்லிசாகப் பூசியிருப்பார்கள். இன்ஜினிலிருந்து வரும் சூடான புகை இதன் வழியாகப் போகும்போது மூன்று விஷங்கள் மாறுகின்றன.

1. கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது.
2. எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவி, தண்ணீர் ஆவியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது.
3. நுரையீரலை எரிக்கும் நைட்ரஜன் ஆக்சைடு, சாதாரண நைட்ரஜனாக மாறுகிறது.

அந்த உலோகங்கள் இதில் கரைந்து போவதில்லை. கல்யாணத் தரகர் மாதிரி. மற்றவர்களைச் சேர்த்து வைத்துவிட்டுத் தான் ஒதுங்கி நிற்கும்.

அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

கடையில் விற்கும் வெளிப் பைப்புகள் பலவற்றில் இந்த உருளை கிடையாது. வெறும் குழாய்தான். அதை மாட்டினால் மூன்று விஷமும் அப்படியே வெளியே வரும்.

இதில் கார்பன் மோனாக்சைடு மிகவும் ஆபத்தானது. நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பலத்தோடு இது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து உயிரையே எடுத்துவிடும். வாசலில் வண்டியை முறுக்கிப் பார்க்கும்போது அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது யார்? திண்ணையில் இருக்கும் மாமியாரும், இடுப்பில் இருக்கும் குழந்தையும்தான்.

ஒன்றை மறக்காதீர்கள். கேட்டலிஸ்ட் இருக்கிற வண்டியாக இருந்தாலும், அது நன்றாகச் சூடேறிய பிறகுதான் வேலை செய்யும். அதனால் எந்த வண்டியையும் மூடிய அறையிலோ, ஷட்டர் போட்ட கடைக்குள்ளோ ஓட விடவே கூடாது.

"மைலேஜ் கூடும், பிக்கப் கூடும்" என்கிறார்களே?

அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 விதிப்படி செய்த வண்டிகள்தான் விற்பனைக்கு வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றில் புகைக்குழாயில் ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கும். அது கொடுக்கும் கணக்கை வைத்துத்தான் இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பது முடிவாகும். குழாயை மாற்றினால் கணக்கு தப்பலாம். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும், ஆக்சிலேட்டரை விட்டால் பட் பட் என்று வெடிக்கும். சாதாரண 100, 125 சிசி வண்டியில் சத்தம்தான் கூடும். சத்தம் கூடினால் வேகம் கூடியது போலத் தோன்றும், அவ்வளவுதான். கம்பெனி வாரண்டியும் போய்விடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் திருத்தம் வந்தது. அதன்படி, அனுமதிக்காத விதத்தில் வண்டியை மாற்றினால் அதன் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம் (பிரிவு 182ஏ). புகை, சத்தம் ஆகியவற்றின் அளவை மீறிய வண்டியை ஓட்டினால் முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் (பிரிவு 190). ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்தவருக்கும் இது பொருந்தும். ஆர்.சி. அம்மா பெயரில் இருந்தால் கேள்வி அம்மாவிடமும் வரும்!

"புகைச் சான்றிதழ் வாங்கியாச்சே" என்று சொன்னாலும் செல்லாது. சான்றிதழ் கையில் இருந்தால் மாற்றம் சட்டப்படி ஆகிவிடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பைப் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அபராதம் 5,000. மொத்தம் 8,000. அத்தோடு முடியவில்லை, பழையபடி கம்பெனி சைலன்சரை மாட்ட வேண்டும். அதை "பழசு தானே" என்று மெக்கானிக்கிடமே விட்டுவிட்டு வந்திருந்தால் புதிதாக வாங்க வேண்டும். கேட்டலிஸ்ட் உள்ள சைலன்சர் வெளிப் பைப்பைவிடப் பெரும்பாலும் விலை அதிகம். உள்ளே விலை உயர்ந்த உலோகம் இருப்பதால் பழையதற்கும் மதிப்பு உண்டு. ஆகவே எந்தக் காரணத்துக்காகக் கழற்றினாலும், பழையதை வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே சைலன்சர் கெட்டுப்போனால்?

துருப்பிடித்து ஓட்டை விழலாம். கேட்டலிஸ்ட் அடைத்துக்கொண்டு வண்டி இழுக்காமல் போகலாம். அப்போது செய்ய வேண்டியவை:

• முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். இன்ஜின் ஆயில் எரிந்து புகை வந்தாலும், ஸ்பார்க் பிளக் சரியாக எரியாமல் பெட்ரோல் வெளியேறினாலும், மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் போட்டாலும் கேட்டலிஸ்ட் கெடும். காரணத்தைச் சரி செய்யாமல் புதிதாக மாட்டினால் அதுவும் கெடும்.
• அந்த மாடலுக்கு உரிய, கேட்டலிஸ்ட் உள்ள கம்பெனி சைலன்சரையே கேட்டு வாங்குங்கள்.
• வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள்.
• பில் வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

பிள்ளையிடம் எப்படிப் பேசுவது?

"உருப்படாதவனே" என்று திட்டினால் காரியம் கெடும். அந்த வயதில் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கத்தான் செய்யும். உட்கார வைத்து, "அந்தப் பைப்புல கேட்டலிஸ்ட் இருக்கா? போலீஸ் பிடிச்சா யார் கட்டுறது? கழட்டுனத எங்க வைப்ப?" என்று மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். பதிலைத் தேடிப் போகும்போது அவனுக்கே புரியும். அதே காசில் நல்ல ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமே!

குழுக் கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. நம் உறுப்பினர்களில் யார் யார் பெயரில் வண்டி இருக்கிறது? அவற்றில் சைலன்சர் மாற்றியவை உண்டா?
2. "வண்டி ரிப்பேர்" என்று உள்கடன் கேட்டால், என்ன ரிப்பேர் என்று கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுகிறோமா?
3. மாற்றிய வண்டியைப் பழையபடி ஆக்க ஓர் உறுப்பினர் கடன் கேட்டால் முன்னுரிமை கொடுக்கலாமா?

ஊக்குநர்கள் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டவும். கடன் நம் கையெழுத்தில்தான் போகிறது. அது எதற்குப் போகிறது என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.