எஸ்எஸ்டி தேயும்தான், அதற்குள் உங்கள் லேப்டாப் மண்ணாகிவிடும்

"எஸ்எஸ்டி போடாதீங்க சார், எழுத எழுதத் தேஞ்சு ரெண்டே வருஷத்துல செத்துடும்."

செகந்திராபாத்தில் லேப்டாப் பழுது பார்த்துப் பிழைக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்பவர் எஸ்எஸ்டியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். யாரோ மச்சான் சொன்னாராம். அதை நம்பி, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே நன்றாக ஓடும் பழைய மெஷினை மூலையில் போட்டுவிட்டுப் புது லேப்டாப்புக்கு 40,000 ரூபாய் அழுகிறார்கள்.

தேய்மானம் உண்டு, மறுக்கவில்லை. ஃபிளாஷ் செல்லில் இத்தனை முறைதான் எழுதி அழிக்கலாம் என்று வரம்பு இருக்கிறது. எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட்டீர்களா? சாம்சங் 870 ஈவோ, 500 ஜிபி: கம்பெனி தரும் வாரண்டி 5 ஆண்டு அல்லது 300 டெராபைட் எழுத்து, இரண்டில் எது முந்துகிறதோ அது. தினம் 20 ஜிபி எழுதினால் 300 டெராபைட் தீர 41 ஆண்டு ஆகும். மெயில், டேலி, பிள்ளையின் ப்ராஜெக்ட் எல்லாம் சேர்ந்தாலும் வீட்டு லேப்டாப்பில் 20 ஜிபி எழுதுவதே பெரிய விஷயம்.

வரம்பைத் தாண்டிய உடனே செத்துவிடும் என்பதும் பொய். 2013இல் தொடங்கி 2015 வரை டெக் ரிப்போர்ட் தளத்தார் 250 ஜிபி வாக்கிலான ஆறு எஸ்எஸ்டிகளில், அவை சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஆறுமே 700 டெராபைட்வரை தாங்கின. கடைசியாக நின்றது 2,400 டெராபைட்டையும் தாண்டியது. ஒரே செல்லைப் போட்டு அடிக்காமல், எழுத்தை எல்லாச் செல்களுக்கும் கன்ட்ரோலர் பகிர்ந்துவிடுவதுதான் காரணம்.

நீங்கள் கட்டிக்கொண்டு அழும் ஹார்டு டிஸ்க்கில் நிமிடத்துக்கு 5,400 முறை தட்டு சுழல்கிறது. ஓடும்போது ஓர் அடி பட்டால் போச்சு. என் மேசைக்கு வரும் செத்த டிஸ்க்குகளில் பெரும்பாலானவை விழுந்து எழுந்தவை.

மற்ற கதைகள்:

"பழைய லேப்டாப்பில் சாட்டா-2 இணைப்புதான், எஸ்எஸ்டி போட்டாலும் பலன் இருக்காது." அதிலும் நொடிக்கு 250 எம்பிக்கு மேல் வேகம் வரும். பழைய டிஸ்க் 100ஐத் தொட்டாலே அதிகம்.

"என்விஎம்இ வகை எஸ்எஸ்டிதான் வாங்கணும்." எம்.2 ஸ்லாட்டே இல்லாத மெஷினில் எங்கே செருகுவீர்கள்? ஸ்லாட் இருந்தாலும் சில மாடல்கள் சாட்டா வகையைத்தான் ஏற்கும். மாடல் நம்பரைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் பார்க்லேன் செனாய் டிரேட் சென்டர் படியேறுங்கள்.

"மாதாமாதம் டிஃப்ராக் பண்ணணும்." வேண்டாம். வேண்டியதை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

பயப்பட வேண்டியது வேறு. ஹார்டு டிஸ்க் சாகுமுன் பல சமயம் கடகடவென்று சத்தம் போட்டாவது சொல்லும். எஸ்எஸ்டியில் கன்ட்ரோலர் போனால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். டேட்டாவை மீட்பதும் பெரும்பாடு. பேக்கப் எடுக்காதவர்மேல் எனக்கு இரக்கம் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய லேப்டாப்புகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்கு ஆகாது என்கிறார்கள். அதற்காகக் காயலான் கடைக்குத் தூக்காதீர்கள். எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை ஏற்றுங்கள், காசு கேட்காது. இதே ஐதராபாத்தில் சுவேச்சா அமைப்பினர் லினக்ஸைத் தெலுங்கிலேயே பேச வைத்திருக்கிறார்கள். நமக்கு என்ன தயக்கம்?

எஸ்எஸ்டி வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். வாரண்டி பில்லுக்குத்தான், கடைக்காரரின் வாய்ப்பேச்சுக்கு இல்லை.