வேடந்தாங்கலுக்குக் கிளம்பும் முன்

தங்கச்சி,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. விடிய மூன்று மணிக்கு மதுரையில் கிளம்பி, ராமேஸ்வரம், தனுஷ்கோடி, திரும்பும் வழியில் தேவிபட்டினம், உத்தரகோசமங்கை என்று ஒரே நாளில் நாலு இடம். சின்னவனுக்கு வண்டியில் வாந்தி. உங்க அத்தைக்குக் கால் வீக்கம். உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் வழியெல்லாம் வாக்குவாதம். வீட்டைத் திறந்தால் ஹால் முழுக்கத் தண்ணீர். "இனிமே எங்கயும் கிளம்பவே மாட்டேன்க்கா" என்றாய். அந்தப் பேச்சு வேண்டாம். நம் வீட்டுப் பெண்கள் வாசலைத் தாண்டுவதே வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை. அதையும் விட்டுவிட்டால் என்ன மிச்சம்?

நானும் பத்து வருஷம் உன்னை மாதிரியேதான் போய் வந்தேன். வாடகை வண்டிக்குக் காசு கொடுத்தாச்சே, இன்னும் ஒரு கோயிலையும் பார்த்துவிடலாமே என்று. இப்போது ஒரே ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு பயணம் என்றால் ஒரே இடம், அதுவும் வீட்டில் யாராவது ஒருத்தருடைய ஆசைக்காக. ஒரு தடவை அத்தானுக்காகத் தஞ்சாவூர். பெரிய கோயிலில் மட்டும் ஐந்து மணி நேரம் இருந்தோம். கல்வெட்டு கல்வெட்டாக நின்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் புல்தரையில் விளையாடினார்கள், நான் நிழலில் உட்கார்ந்திருந்தேன், யாருக்கும் யார் மேலும் கோபம் வரவில்லை. அடுத்த முறை என் முறை, அதனால் பறவை பார்க்கப் போனோம்.

பறவை பார்ப்பது எனக்கு எப்படிப் பிடித்தது என்று நீ கேட்டதே இல்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை மரம் இருக்கிறதே, அங்கேதான் ஆரம்பம். காலையில் காபி ஆறும் நேரத்தில் என்ன வருகிறது என்று பார்த்துப் பழைய டைரியில் எழுத ஆரம்பித்தேன். தேன்சிட்டு, கொண்டைக்குருவி, கூட்டமாகக் கத்திக்கொண்டு வரும் தவிட்டுக்குருவி, எப்போதாவது செம்போத்து. கறுப்பாகக் கூவுவது ஆண் குயில், பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும் என்பது நாற்பது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. அன்று முழுக்க அந்தச் சந்தோஷம் இருந்தது. இதற்குக் காசு வேண்டாம், தனி அறை வேண்டாம். ஒரு நோட்டும், கூடவே கட்டிய ஒரு பேனாவும் எப்போதும் அதே ஜன்னலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நோட்டைத் தேடி எடுக்க வேண்டியிருந்தால் மூன்றாம் நாள் விட்டுப்போகும். நீ கல்யாணத்துக்கு முன்னால் எம்பிராய்டரி போடுவாயே, அந்தச் சட்டமும் நூல் டப்பாவும் பரணில் இருந்தால் இந்த ஜென்மத்தில் கைக்கு வராது. இறக்கி, டிவி பார்க்க நீ உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வை.

வேடந்தாங்கல் எங்கள் தாம்பரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். ஜி.எஸ்.டி. ரோட்டில் போய் படாளத்தில் திரும்ப வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் பார்க்கும் காலம், அதிலும் மழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்த வருஷமாக இருக்க வேண்டும். கிளம்பும் முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று யாரிடமாவது விசாரித்துக்கொள். வறண்ட வருஷத்தில் பிள்ளைகளை அழைத்துப்போனால் ஏமாந்துபோவார்கள். நேரமும் முக்கியம். மத்தியான வெயிலில் போய் நின்றுவிட்டு "ஒண்ணுமே இல்லை" என்று திரும்புகிறவர்கள் நிறைய. காலையில் சீக்கிரம் போ, இல்லாவிட்டால் நாலு மணிக்கு மேல் போ. சாயங்காலம் இரை தேடப் போனவை எல்லாம் திரும்பி வரும். தண்ணீருக்குள் நிற்கும் கடம்பு மரங்களில் கிளைக்குக் கிளை இடம் பிடிக்கும். மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீரில் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும் பாம்புத்தாரா. மற்றவை எல்லாம் அடங்கும் நேரத்தில்தான் வக்கா இரை தேடக் கிளம்பும்.

பிள்ளைகளுக்கு நான் சொன்ன கதை இதுதான். அந்த ஊர்க்காரர்கள் இருநூறு வருஷத்துக்கும் மேலாக இந்தப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்று அவர்களுக்குத் தெரியும். 1798-இல் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் காலத்திலேயே பறவைகளைச் சுடக்கூடாது என்று பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள். அரசாங்கச் சட்டமெல்லாம் வெகு காலம் கழித்து வந்தது. சின்னவள் இதைக் கேட்டபிறகு கரையில் சத்தமே போடவில்லை, அண்ணனையும் போட விடவில்லை. உனக்கு அவ்வளவு தூரம் வர முடியாவிட்டால் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி இருக்கிறது. பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களை உன் பிள்ளைகளும் பார்க்கட்டும்.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கு. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 என்பது முன் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று இருபது மடங்கு வாங்கிவிடாதே. கை நடுக்கத்தில் பறவையும் சேர்ந்து ஆடும். ஆளுக்கு ஒன்று தேவையில்லை, ஒன்றே போதும். மாற்றி மாற்றிப் பார்க்கும்போதுதான் "எந்தக் கிளை? எந்தக் கிளை?" என்று பேச்சு வருகிறது.

சாப்பாட்டுக்குத் தயிர்சாதமும் புளியோதரையும் போதும். தயிர்சாதத்தைச் சூட்டிலேயே நன்றாகக் குழைத்து, பாலைத் தாராளமாக ஊற்றி, ஆறியபிறகு ரெண்டே ஸ்பூன் தயிர் விடு. மத்தியானம் திறக்கும்போது புளிக்காமல் உறைந்திருக்கும். தேங்காய் சேர்ந்த எதையும் வெயில் நாளில் கட்டாதே. வாந்தி எடுக்கும் பிள்ளைக்குக் கிளம்பும் முன் பால் கொடுக்காதே, ரெண்டு இட்லி போதும். முன் பக்கம் ஜன்னலோரம் உட்காரவை, வண்டி ஓடும்போது போனைக் கையில் தராதே.

இப்போது மனசில் கிடக்கும் விஷயத்துக்கு வருகிறேன். என் வலது கை மணிக்கட்டில் இருக்கும் தழும்பை நீ பார்த்திருக்கிறாய். அது ஒரு பயணம் கிளம்பும் காலை நாலரை மணிக்கு வந்தது. புளியோதரைக்குத் தாளித்த எண்ணெய், ஒரு கையில் கரண்டி, மறு கையில் சின்னவளின் சீப்பு. கொட்டிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பதறிப்போய் இட்லி மாவை அள்ளிப் பூசினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கும் அப்போது தெரியாது. மாவு சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டது. பிறகு ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுத்தபோது பட்ட வேதனை எண்ணெய் பட்டதைவிட அதிகம். இதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள். சுட்ட உடனே வளையல், மோதிரத்தைக் கழற்று, வீங்கினால் கழற்ற முடியாது. குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டு. ரெண்டு நிமிஷம் இல்லை, இருபது. ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், மை, நெய், மாவு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதே. சுத்தமான துணியால் தளர்வாக மூடி, உள்ளங்கையைவிடப் பெரிய காயமோ, முகமோ, கையோ, குழந்தையோ என்றால் நேராக டாக்டரிடம் போ. அன்று பயணம் நின்றால் நிற்கட்டும்.

அதிலிருந்து பயண நாள் காலையில் எங்கள் வீட்டில் தாளிப்பு கிடையாது. புளிக்காய்ச்சல் முதல் நாளே தயார். காலையில் சாதம் மட்டும்தான் வடிப்பேன். கிளம்பும் நேரத்தை ஆறு மணி என்று மற்றவர்களிடம் சொல்லி, எனக்குள் ஏழு என்று வைத்துக்கொள்வேன். அந்த ஒரு மணி நேரம்தான் என்னைக் காப்பாற்றுகிறது.

உன் ஹாலில் தண்ணீர் வந்த கதையும் அவசரத்தில் நடந்ததுதான். காலையில் குழாயைத் திறந்திருப்பீர்கள், தண்ணீர் வந்திருக்காது, அப்படியே விட்டிருப்பீர்கள். மத்தியானம் தொட்டி நிறைந்ததும் கொட்டியிருக்கும். அடுத்த முறை ஒருத்தர் மட்டும் கடைசியில் வீட்டைச் சுற்றி வரவேண்டும். நாலு பேர் பார்த்தால் நாலு பேரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அது பெரியவன் வேலை. மோட்டார் சுவிட்ச், ஒவ்வொரு குழாயும், இஸ்திரிப் பெட்டி, பூஜை விளக்கு, கடைசியாக கேஸ் ரெகுலேட்டர். ரெகுலேட்டரை மூடினேன் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். பாதி வழியில் "மூடினேனா?" என்ற சந்தேகம் வராது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஹாலில் தண்ணீர் நின்றபோது அப்படியே உள்ளே இறங்கினாயா? தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடந்தால் அந்தத் தண்ணீரில் கரண்ட் இருக்கலாம். மெயினை அணைக்காமல் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. மெயின் உள்ளே இருந்து, தண்ணீரைத் தாண்டாமல் போக முடியாதென்றால் வெளியே நின்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

அதேபோல, பயணம் முடிந்து திரும்பிக் கதவைத் திறக்கும்போது அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி வாடை வந்தால், அசதியில் பழக்கதோஷத்தில் கை சுவிட்சுக்குப் போகும். போகவே கூடாது. சிலிண்டர் வாயுவுக்கு மணமே கிடையாது, கசிந்தால் நமக்குத் தெரியவேண்டும் என்றே எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். எரியும் மின்விளக்கை அணைக்கவும் கூடாது, அணைந்ததைப் போடவும் கூடாது, ஃபேனையும் தொடாதே. கதவு ஜன்னல்களைத் திற, முடிந்தால் ரெகுலேட்டரை மூடி எடுத்துவிட்டு, நூலில் தொங்கும் அந்தப் பிளாஸ்டிக் மூடியைச் சிலிண்டர் வாயில் அழுத்து. பிள்ளைகளோடு வெளியே தள்ளி வந்தபிறகு போனை எடுத்து 1906-க்கு அடி. பக்கத்து வீட்டாருக்குச் சொல்லப் போனாலும் காலிங் பெல் அடிக்காதே, கதவைத் தட்டு. ரப்பர் குழாயில் தேதி அச்சடித்திருக்கும், ஐந்து வருஷம் ஆகியிருந்தால் விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடு. இன்றைக்கே பார்.

சின்னச் சேதங்களுக்கு மனசு உடையாதே. பால் அடிப்பிடித்த பாத்திரத்தில் தண்ணீரும் ரெண்டு ஸ்பூன் சமையல் சோடாவும் போட்டுக் கொதிக்கவிட்டு ராத்திரி ஊறவை, காலையில் உரிந்து வரும். போன் தண்ணீரில் விழுந்தால் அணைத்துவிட்டுத் துடைத்துக் காற்றில் வை. அரிசி டப்பாவில் புதைக்காதே, அந்தத் தூள் உள்ளே போகும். முழுக்கக் காயும்வரை சார்ஜில் போடாதே.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஒரு இடத்தில் பதினைந்து நிமிஷம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி எழுதி இணையத்தில் ஏற்றலாம். யார் வேண்டுமானாலும் செய்யலாம், மொட்டை மாடியே போதும். காக்கையும் மைனாவும்கூடக் கணக்கில் உண்டு. மாட்டுப் பொங்கல் அன்று காலை சமையலை நானும் நீயும் முதல் நாளே முடித்துவிடுவோம். ஆறரைக்குப் பிள்ளைகளை மாடிக்கு அனுப்பிவிட்டுப் பின்னாலேயே நாமும் போவோம். சின்னவனுக்குத் தனி நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன், பேனாவும் கட்டியாச்சு. நீ எம்பிராய்டரிச் சட்டத்தை எடுத்துக்கொண்டு வா.

அக்கா