பழைய கணினியில் போட்டோ பிரிண்ட்: லினக்ஸ் நமக்குச் சரிவருமா?

ஸ்டூடியோவும் கொமியுனிகேஷன் கடையும் நடத்தும் நம்மவர்கள் பலருக்கு இப்போது ஒரே தலைவலிதான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. கடையிலுள்ள பழைய கணினி விண்டோஸ் 11ஐ ஏற்க மறுக்கிறது. புதியது வாங்குவதென்றால் கைமுதல் போதாது. ஹேவாஹெட்ட போன்ற ஊர்களில் போட்டோ வேலை மட்டும் செய்து அந்தப் பணத்தை எடுக்க நீண்ட நாள் பிடிக்கும்.

இந்த நிலையில் லினக்ஸ் ஒரு வழி. ஆனால், “இலவசம்” என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டு அதில் இறங்கக்கூடாது. எதில் செலவு குறையும், எதில் குறையாது என்பதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

திருட்டுப் பிரதியின் உண்மை விலை

சிறு கடைகள் பலவற்றில் போட்டோஷொப் ஓடுகிறது. அதற்குக் காசு கொடுத்தவர்கள் குறைவு. அடோப் நிறுவனம் 2013 முதல் தன் மென்பொருட்களைச் சந்தா முறைக்கு மாற்றத் தொடங்கியது. இன்று போட்டோஷொப்பை முறையாகப் பாவிப்பதென்றால் தொடர்ந்து வாடகை கட்ட வேண்டும். அந்த வாடகை டொலர் கணக்கு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியதை வியாபாரிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அதற்காகத் திருட்டுப் பிரதி தீர்வாகிவிடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. உரிமை மீறிய மென்பொருள் என்று தெரிந்துகொண்டே அதை வியாபார இலாபத்துக்குப் பாவிப்பவருக்கு நீதவான் நீதிமன்றம் 5 இலட்சம் ரூபா வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மார்க்கத்தின் பக்கமும் இது தெளிவான விடயம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வியாபாரப் பெயர் போன்ற உரிமைகள் ஷரீஅத்தின்படி பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக்கூடாது என்று முடிவு செய்தது. ஹலாலான உழைப்பு என்பது பொருள் விற்பதோடு நின்றுவிடுவதில்லை, தொழிலின் கருவியும் அதில் அடங்கும்.

லினக்ஸில் என்னென்ன உண்டு?

லினக்ஸும் அதனுடன் வரும் போட்டோ மென்பொருட்களும் பெரும்பாலும் திறந்த மென்பொருள்கள். யாரும் பாவிக்கலாம், பிரதி எடுக்கலாம். இலவசம் என்றால் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம். 2004 சுனாமிக்குப் பின் நிவாரண வேலைகளுக்காக நம் நாட்டவர்கள் எழுதிய ‘சஹானா’வும் இந்த வகைதான். அது பிறகு வெளிநாட்டு அனர்த்தங்களிலும் பாவிக்கப்பட்டது.

போட்டோ வேலைக்கு மூன்று மென்பொருள் போதும். படங்களைத் திகதி வாரியாக, வாடிக்கையாளர் வாரியாக அடுக்கி வைக்க டிஜிகேம். கல்யாண வீடுகளில் பெரிய கெமராவால் எடுத்த மூலப் படங்களுக்கு ஒளியும் நிறமும் சரிசெய்ய டார்க்டேபிள். முகத்திலுள்ள புள்ளியை நீக்க, பின்னணி மாற்ற, பழைய கிழிந்த படத்தைச் சீராக்க கிம்ப். கிம்பை 1995இல் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் எழுதத் தொடங்கினார்கள். 2025 மார்ச்சில் அதன் 3.0 பதிப்பு வெளிவந்தது. போட்டோஷொப்பில் கை பழகியவருக்கு முதல் சில வாரம் சிரமமாகத்தான் இருக்கும். பொறுமை தேவை.

ஒரு கணக்குப் பாடம்

பாடசாலை, வேலை விண்ணப்பம், வெளிநாட்டு விசா என்று சிறிய போட்டோவுக்குக் கேள்வி இன்னும் உண்டு. பரவலாகக் கேட்கப்படும் அளவு 35க்கு 45 மில்லிமீற்றர். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் இது 413க்கு 531 புள்ளி. 4க்கு 6 அங்குலத் தாள் 1200க்கு 1800 புள்ளி. நீளத்தில் நான்கு, அகலத்தில் இரண்டு என எட்டுப் படம் ஒரே தாளில் அடங்கும். கிம்பில் இந்த அளவில் வெற்றுத்தாள் ஒன்றை ஒரு முறை தயாரித்து வைத்தால், பிறகு முகத்தை வைப்பது மட்டுமே வேலை.

வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் கவனம் தேவை. சாதாரணமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிவிடும். 4க்கு 6 பிரிண்டுக்குப் போதுமான படம் 8க்கு 12இல் மங்கலாகும். “டொக்கியுமெண்டாக அனுப்புங்கள்” என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிரிண்டர் வாங்கும்போது

லினக்ஸில் அச்சிடும் வேலையை ‘கப்ஸ்’ என்ற அமைப்பு கவனிக்கிறது. ‘குட்டன்பிரிண்ட்’ என்ற தொகுப்பில் எப்சன், கெனன் உட்படப் பல பிரிண்டர்களுக்கு ட்ரைவர் உண்டு. ஸ்டூடியோக்களில் உள்ள வெப்பமுறை பிரிண்டர்கள் சிலவற்றுக்கும் அதில் ஆதரவு இருக்கிறது. ஆனால் எல்லா மொடலும் ஓடாது. எனவே பிரிண்டரைப் பார்த்துவிட்டு லினக்ஸைத் தேடாதீர்கள். லினக்ஸில் ஓடும் மொடலைத் தெரிந்துகொண்டு பிரிண்டரைத் தேடுங்கள். முகத்தோல் நிறம் வழுவழுப்பாக வர நான்கு நிற மையைவிட ஆறு நிற மை நல்லது. வெளிர் நீலமும் வெளிர் சிவப்பும் அதில் கூடுதலாக இருக்கும்.

பணம் எங்கே கரைகிறது?

மென்பொருளில் மிச்சம் பிடித்த பணத்தைப் பலர் வீணான தாளில் விட்டுவிடுகிறார்கள். கணக்குக்காக, ஒரு தாள் 40 ரூபா, மை 10 ரூபா, மொத்தம் 50 என்று வைத்துக்கொள்வோம். நூறு தாளில் எட்டு வீணானால், விற்கக்கூடிய ஒவ்வொரு பிரிண்டின் செலவும் 54 ரூபாவைத் தாண்டுகிறது. 60 ரூபாவுக்கு விற்பவருக்குப் பத்து ரூபா இலாபத்தில் நான்கு ரூபாவுக்கு மேல் போய்விட்டது.

வீணாவதற்கு முக்கிய காரணம் நிறம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, பிரிண்டர் மையால் காட்டுகிறது. ஒவ்வொரு தாளும் மையை ஒவ்வொரு விதமாக உறிஞ்சும். இந்த வித்தியாசத்தைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறிய கோப்புதான் ‘ஐ.சி.சி. புரொபைல்’. கம்பனி மைக்கும் தாளுக்கும் செய்த புரொபைல், மலிவு மை ஊற்றிய பிரிண்டருக்குப் பொருந்தாது. நிறத் திருத்தத்தை ஓர் இடத்தில் மட்டும் வையுங்கள். கிம்பிலும் ட்ரைவரிலும் இரண்டு தடவை திருத்தினால் முகம் சிவந்தோ கறுத்தோ வரும்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. மனித முகம், கறுப்பு முடி, வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறம் நான்கும் உள்ள ஒரு படத்தைத் தெரிவுசெய்து நன்றாக அச்சிட்டு வையுங்கள். மையோ தாளோ மாறும்போதெல்லாம் அதே படத்தை மீண்டும் அச்சிட்டு, காய்ந்த பின் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். ஒரு தாள் செலவாகும், பத்துத் தாள் மிஞ்சும். நம் மலைப்பகுதியின் ஈரத்தையும் மறக்க வேண்டாம். தாள் பக்கற்றைத் திறந்தபடி வைத்தால் தாள் வளையும், மை பரவும். வேலை இல்லாவிட்டாலும் வாரம் ஒரு நிறப்பிரிண்ட் எடுங்கள். இல்லையேல் ஹெட் அடைத்துக்கொள்ளும்.

எப்படித் தொடங்குவது?

ஒரே நாளில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மாறாதீர்கள். முதலில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை யு.எஸ்.பி.யிலிருந்தே ஓட்டிப்பாருங்கள். ஹார்ட்டிஸ்க்கில் உள்ளதற்கு அதனால் பாதிப்பில்லை. உங்கள் பிரிண்டரும் ஸ்கேனரும் ஓடினால் மட்டும், படங்களை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டு நிறுவுங்கள். கடவுச்சீட்டுக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் படம் எடுத்து இணையம் வழியாக அனுப்ப அதிகாரம் பெற்ற ஸ்டூடியோக்கள், அந்த வேலை லினக்ஸில் நடக்குமா என்று உரிய திணைக்களத்திடம் கேட்கும் வரை பழைய ஏற்பாட்டில் கை வைக்க வேண்டாம்.

ஊரில் நல்ல பிரிண்ட் கிடைத்தால், ஒரு போட்டோவுக்காகக் கண்டிக்கு பஸ் ஏறுவதை மக்கள் விரும்புவதில்லை. அந்த வாடிக்கையாளரை நம் கடையில் நிறுத்துவது விலையுயர்ந்த கணினியல்ல, இந்த மாதமும் அடுத்த மாதமும் ஒரே நிறத்தில் வரும் பிரிண்ட்தான். அதைச் சுத்தமான கருவியால் செய்தால் வருமானத்தில் பரக்கத்தும் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.