பம்ப்பை மாற்றும் முன் மீட்டரை வையுங்கள்

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. பட்டறைக்குப் போன் செய்தால், "பம்ப் போயிருக்கும் சார்" என்பார்கள். போயிருக்கலாம்தான். ஆனால் புதுச்சேரியின் காலாப்பட்டில், கடலுக்கும் ஈ.சி.ஆருக்கும் நடுவே வண்டி நிறுத்துபவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்புக்காற்றை. செம்பு முனையில் களிம்பும் எர்த் போல்ட்டில் துருவும் ஏறிவிட்டால், பம்ப்புக்குப் போக வேண்டிய வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி வெள்ளம் புகுந்த வண்டிகளில் இந்தக் கோளாறு மாதங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டும்.

பம்ப் டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கிறது. மாற்றுவது செலவும் வேலையும். வெளியே ஓடும் வயரைச் சோதிப்பது அதைவிட எளிது. கீழே இருப்பது பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களுக்கான வழி.

தேவையானவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லைட், நடுவில் 15 ஆம்ப் பியூஸ் கோத்த துண்டு வயர், உப்புத்தாள், காண்டாக்ட் கிளீனர், உங்கள் மாடலின் வயரிங் படம்.

எச்சரிக்கை: வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிடுங்கள். ஒரு சிறு தீப்பொறி போதும்.

1. காதை வையுங்கள்

சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். பெரும்பாலான கார்களில் பின்சீட்டுக்கு அடியிலிருந்து சுமார் 2 விநாடி 'உய்ங்' என்று சத்தம் வந்து நிற்கும். எஞ்சின் சுற்றும் சிக்னல் வராததால் கம்ப்யூட்டரே பம்ப்பை நிறுத்திவிடுகிறது; அது கோளாறு அல்ல. சத்தமே இல்லை என்றால் மின்சாரக் கோளாறாகவோ பம்ப் கோளாறாகவோ இருக்கும். தீனமாகக் கேட்டால் வோல்டேஜ் குறைகிறதா என்று பாருங்கள். திடமாகக் கேட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஃபில்டர், பிரஷர், இக்னிஷன் பக்கம் போங்கள்.

பேட்டரி 12.4 வோல்ட்டாவது காட்ட வேண்டும். டேஷ்போர்டில் சாவிப் படமுள்ள இம்மொபிலைசர் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்.

2. பியூஸ்

பெட்டி மூடியின் உள்பக்கப் படத்தில் 'ஃப்யூயல் பம்ப்' எது என்று பாருங்கள். கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பதோடு விடாமல், சாவியை ஆன் செய்யும் நேரத்தில் பியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் டெஸ்ட் லைட்டை வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் பியூஸ் போய்விட்டது. அதே ஆம்பியர் பியூஸைப் போடுங்கள். 15-க்குப் பதில் 30 போட்டால் பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். புதியதும் உடனே போனால் எங்கோ ஷார்ட், அல்லது பம்ப் இறுகிவிட்டது.

3. ரிலே

விரலை வைத்தபடி சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 'டிக்' என்று தட்டுப்பட வேண்டும். பக்கத்தில் அதே நம்பர் கொண்ட ஹாரன் ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் தட்டலே இல்லை என்றால் ரிலேவின் 85, 86 பின்களுக்கு உத்தரவு வரவில்லை. அப்போது ஸ்கேனரில் பி0230 போன்ற கோட் இருக்கிறதா என்று பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் பம்ப் ஓடாவிட்டால் கிராங்க் சென்சாரையும் சந்தேகப்படலாம்.

4. ரிலேவைத் தாண்டுங்கள்

ரிலேவைக் கழற்றி, சாக்கெட்டில் 30, 87 எண்களுக்கு நடுவே பியூஸ் கோத்த வயரைக் கொடுங்கள். பின் எண் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று இரண்டு முறை பாருங்கள். பம்ப் முழு வேகத்தில் ஓடினால் வயரும் பம்ப்பும் நல்லவை. கோளாறு ரிலேயிலோ அதை இயக்கும் பக்கமோ. ஓடவில்லை அல்லது முனகுகிறது என்றால் வயரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

5. கப்ளரை மாட்டியபடியே அளவெடுங்கள்

முக்கியமான கட்டம் இதுதான். பின்சீட்டைத் தூக்கினால் டேங்க் மூடியில் கப்ளர் தெரியும். அதில் தடித்த இரண்டு வயர்கள் பெரும்பாலும் பம்ப்புக்கு, மெல்லியவை பெட்ரோல் மீட்டருக்கு. கப்ளரைக் கழற்றாமல், பின்புறம் வழியாக மீட்டர் ஊசியை நுழைத்து மூன்று அளவுகள் எடுங்கள்: பம்ப்பின் இரு வயர்களுக்கு இடையே, பேட்டரி பிளஸிலிருந்து பம்ப் பிளஸ் வரை, பம்ப் மைனஸிலிருந்து பேட்டரி மைனஸ் வரை.

எடுத்துக்காட்டாக, பேட்டரியில் 12.3 இருக்க, பம்ப்பில் 9.1 மட்டும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் பாதையில் 0.3, எர்த் பாதையில் 2.9. மூன்றையும் கூட்டினால் 12.3. ஆக, பம்ப் பழுதில்லை, எர்த்தில்தான் விழுங்கப்படுகிறது. பம்ப் 5 ஆம்பியர் இழுத்தால் அந்த எர்த்தின் தடை 0.6 ஓம்கூட இல்லை. அவ்வளவு சிறிய தடைக்கே கிட்டத்தட்ட 3 வோல்ட் போய்விடுகிறது.

இதையே கப்ளரைக் கழற்றி அளந்தால் மீட்டர் 12.3-ஐத்தான் காட்டும். கரண்ட் ஓடாதபோது துருவும் தடுக்காது. 'சப்ளை நன்றாக இருக்கிறது' என்று நல்ல பம்ப்பைக் கழற்றிவிடுவது இந்த ஒரு தவறால்தான். பிளஸ் பாதையில் 0.5, எர்த்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அந்தப் பாதையைத் தேடுங்கள்.

6. தேடிச் சுத்தம் செய்யுங்கள்

ஓட்டத்திலிருக்கும் பம்ப்பின் வயரைக் கை அளவு கை அளவாக அசைத்துக்கொண்டே போங்கள். எங்கே மீட்டர் துள்ளுகிறதோ அங்கே கோளாறு. பிறகு துண்டு வயரை எடுத்து, பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். எர்த் போல்ட்டையும் கண்ணியையும் அது அமரும் தகட்டையும் பளபளப்பு வரும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். கப்ளர் பின்களில் பச்சைக் களிம்பு இருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடியுங்கள். இறுக்கியபின் மேலே வாஸ்லின் பூசுங்கள். பேட்டரி மைனஸையும் துண்டு வயரையும் திரும்ப மாட்டி, மீண்டும் அளந்தால் எர்த் 0.1 சுமாருக்கு இறங்கியிருக்க வேண்டும். பிறகு துண்டு வயரை எடுத்துவிட்டு, ரிலேவை மறக்காமல் திருப்பிப் போடுங்கள்.

7. கடைசியில்தான் பம்ப்

கப்ளரில் முழு வோல்டேஜ், எர்த்தும் சுத்தம், அப்போதும் பம்ப் பேசவில்லை என்றால்தான் பம்ப்பை மாற்றலாம். டேங்கைத் திறக்கும் அந்த வேலையைப் பட்டறைக்கு விடுங்கள். மூன்று அளவுகளையும் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். இந்தக் கரையோரத்தில் ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் எர்த் போல்ட்டைத் தேய்த்து வாஸ்லின் பூசிவிட்டால், இந்தப் பட்டியல் அடிக்கடி தேவைப்படாது.