சந்திர கிரகணம்: எந்தக் கூட்டுப்படம் எடுக்கலாம்?

ஒரு கிரகணம் முழுவதையும் ஒரே படத்தில் காட்ட மூன்று வழிகள் உண்டு. எது சரிப்படும் என்பதைக் கேமராவைவிட, அன்றிரவு நிலா நிற்கும் உயரமே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

1. ஊரோடு சேர்ந்த நிலா வரிசை

ட்ரைபாடை அசைக்காமல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் ஃபோட்டோஷாப்பில் ‘லைட்டன்’ முறையில் ஒன்றாக்குவது. நிலா மணிக்குச் சுமார் 15 டிகிரி நகரும். மூன்றரை மணி நேரத்துக்கு 50 டிகிரிக்கு மேல் இடம் வேண்டும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் போதும். ஆனால் சென்சாரில் நிலா கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. கடல்களும் பள்ளங்களும் தெரியாது.

2. கட்டம் கட்டமாக

300 மி.மீ. அல்லது அதற்கும் நீண்ட லென்ஸில் ஒவ்வொரு நிலையையும் எடுத்து வரிசையாக அடுக்குவது. புதியவர்களுக்கு இதுவே நல்லது. மேகம் மறைத்தாலும் கிடைத்ததை வைத்து முடிக்கலாம். முழு கிரகணம் தொடங்கும்போதும் முடியும்போதும் நிழலின் ஓரத்தைக் கவனியுங்கள். மெல்லிய நீலப் பட்டை ஒன்று தெரியும்: ஓசோன் படலம் சிவப்பை உறிஞ்சிவிட்டு அனுப்பும் ஒளி அது.

3. பூமியின் நிழல்

நட்சத்திரங்களோடு நகரும் டிராக்கரில் கேமராவைப் பொருத்தினால், நிலா மணிக்கு ஏறக்குறைய தன் அகலம் அளவே நிழலுக்குள் நகர்வது பதிவாகும். முன், நடு, பின் என மூன்று படங்களை இணைத்தால் நிலாவைப்போல் இரண்டரை மடங்குக்கும் சற்று அகலமான வட்ட நிழல் தெரியும். டிராக்கர் இல்லையென்றால் நிலாக்களைத் திருப்பிப் பொருத்த வேண்டும். வானில் ஏற ஏற நிலாவின் சாய்வும் மாறும்.

எப்போது எது?

2028 டிசம்பர் 31 இரவு, இந்திய நேரப்படி சுமார் 8.37 முதல் 12.06 வரை நிழல் நிலாவின் மேல் இருக்கும். தமிழ்நாட்டில் நிலா ஏறக்குறைய உச்சிக்கே போய்விடும்; கோபுரத்தோடு சேர்த்துப் பிடிப்பது கடினம். அன்று இரண்டாவதோ மூன்றாவதோ எடுங்கள். 2029 டிசம்பர் 21 அதிகாலைக் கிரகணத்தில் நிலா மேற்கே இறங்கிவரும். முதல் வகைக்கு அதுவே தோது.

எந்த வகையானாலும் எக்ஸ்போஷர் ஒன்றாக இருக்க முடியாது. முழுநிலாவுக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 1/250 நொடியில் தொடங்கலாம், செந்நிலாவுக்கு ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 5.6, ஒரு நொடி. நீண்ட லென்ஸும் வெறும் ட்ரைபாடும் என்றால் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டி அரை நொடிக்குள் முடியுங்கள். இல்லாவிட்டால் நிலா இழுபடும்.

மூன்றில் என் தேர்வு மூன்றாவது. நாம் நிற்கும் பூமி உருண்டை என்பதற்கு, நாமே எடுத்த சாட்சி அது. எதை வெளியிட்டாலும் ‘கூட்டுப்படம்’ என்று குறிப்பிட்டு, எடுத்த நேரங்களையும் எழுதுங்கள். பார்ப்பவருக்கு நாம் தர வேண்டிய நேர்மை அது.